கட்டக்கோரை சாறு விட்ட பகல்

கடலுக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்த காலம் அது. மீன் பேசும், நண்டு பேசும், பாசியும் பேசும். பேசின அளவுக்கு வேலை நடந்ததா என்று கேட்காதீர்கள். அது எந்தக் காலத்திலும் நடந்ததில்லை.

தெற்குக் கடலில் ஒரு தீவு. தீவுக்கும் கரைக்கும் நடுவில், ஆள் இறங்கினால் தலைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர் நிற்கும் இடத்தில், நீளமாக ஒரு பாறைத் திட்டு. அதைப் பார் என்பார்கள். அந்தப் பாரில் குடியிருந்த பாசிகளில் பெரிய வீட்டுக்காரி கட்டக்கோரை. பழுப்பு நிறம், ஆள் உயரம், ஓரமெல்லாம் பல் வைத்த இலை, கொப்புக்குக் கொப்பு மிளகு போல் காற்றுக் குமிழ். அலை அடிக்கும்போது அவள் ஒருபுறமாகச் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தால் பட்டுப் புடவையை உதறி மடிப்பது போலிருக்கும். அது அவளுக்கும் தெரியும். தெரியாதவள் போல் இருப்பாள்.

பக்கத்து வீடு மரிக்கொழுந்து. குட்டையான, நூல் நூலான பாசி. முறைக்கு மதினி. அவளுடைய வேலை, கட்டக்கோரை வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது.

அந்தக் காலத்தில் கட்டக்கோரைக்கு இனிப்புச் சதை. மீன்கள் வந்து ஓர் இலையைக் கடித்துப் பார்த்து, "உன் கைப்பக்குவமே தனி" என்று சொல்லிவிட்டுப் போகும். அவளும், 'இலைதானே, திரும்ப முளைக்காதா' என்று விட்டுவிடுவாள். ஆனால் அதெல்லாம் அவளுக்குப் பெருமையே இல்லை. அவளுடைய பெருமை ஒன்றே ஒன்றுதான். கணவாய் பிரசவத்துக்கு அவள் வீட்டுக்குத்தான் வருவாள்.

வருடா வருடம் வாடைக்காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் ஒரு கணவாய் வருவாள். விரல் நீளத்தில், வெள்ளை அவரைக்காய் போன்ற முட்டைச் சரங்களைக் கட்டக்கோரையின் நடுக்கொப்பில் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவாள். கட்டிவிட்டுப் போகிறவள் திரும்ப மாட்டாள். கணவாய்க்கு ஆயுசு அவ்வளவுதான். அதன் பிறகு இருபது நாள், முப்பது நாள் அந்தச் சரங்களை இலை மறைவில் வைத்து, பல் ஓரத்தால் வேலி போட்டு, வெயில் படாமல் அலை இழுக்காமல் பார்த்துக்கொள்வது கட்டக்கோரையின் பொறுப்பு. பொரிந்து வெளியே வரும் குஞ்சு ஒவ்வொன்றும் போகிற போக்கில் "வர்றேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போகும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வருடம் முழுக்கக் காத்திருப்பாள்.

பாரில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாசியின் தண்டுக்குள்ளும் கொஞ்சம் சாறு உண்டு. அலை கிழித்த இடத்தில் தடவிக்கொள்ள, புண் ஆற்றிக்கொள்ள. பிஞ்சு வாழைக்காய்ப் பால் போல, நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. அதைத் தண்டுக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் எல்லாருக்கும் பொது. பொதுத் தண்ணீரில் சாற்றைத் திறந்து விடுகிறவளுக்குத் தண்டு திரும்ப மூடாது. காலமெல்லாம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அப்புறம் மீன் கடிக்காது, விருந்தாளி வரமாட்டார்கள். இதற்குப் பயந்தே எவளும் திறந்ததில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் கிழக்கிலிருந்து ஒரு பெரிய பாய்க்கப்பல் அந்த வழியாகப் போனது. அதன் நங்கூரக் கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு துண்டுப் பாசி அறுந்து, மிதந்து, பார் வாசலில் வந்து விழுந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நல்ல பச்சை. தோல் வழவழ என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின மாதிரி.

"அக்கா" என்றது அது. "எனக்கு இந்தக் கடல்ல யாரையும் தெரியாது. கப்பல் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு ஓரமா இருந்துக்கிறேன். ரெண்டே நாள்."

மரிக்கொழுந்து முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுல இடம் ஏது தாயி. நானே ஒண்டிக் கிடக்கேன்."

கட்டக்கோரைக்கு அது போதும். மரிக்கொழுந்து இல்லை என்று சொன்னதை ஆமாம் என்று சொல்ல ஒரு வாய்ப்பை அவள் விட்டதே இல்லை. "இருந்துட்டுப் போகட்டும் மதினி. கட்டைவிரல் அளவு பிள்ளை. இது என்னத்தத் தின்னுரப் போகுது?" என்றாள், நாலு மீன் காதில் விழுகிற மாதிரி.

"பாரைப் பிடிச்சுக்க உனக்குக் கால் இருக்கா?" என்று மரிக்கொழுந்து கேட்டாள்.

"காலே இல்லக்கா. கால் இல்லாதவ எப்படி உங்க இடத்தப் பிடிப்பேன்?"

இந்தப் பதில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பணிவாகப் பேசுகிறவர்களை உடனே நம்பிவிடுவது பாரில் மட்டும் உள்ள வியாதி இல்லை.

இரண்டு நாள் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. கப்பல் வரவில்லை. வந்திருந்தாலும் அவள் ஏறியிருப்பாளா என்பது சந்தேகம். பார் வழக்கப்படி, வந்தவளிடம் எப்போது வந்தாய் என்று கேட்கலாம், எப்போது போவாய் என்று கேட்கக் கூடாது. அதனால் கட்டக்கோரை தினமும் காலையில் "தூங்கினியா? சௌகரியமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு வந்தவள் தினமும், "உங்க புண்ணியத்துல அக்கா" என்று சொல்லி அன்றைக்கு ஒரு விரற்கடை வளர்ந்தாள்.

ஆமாம், வளர்ந்தாள். கட்டைவிரல் முழங்கையாயிற்று. முழங்கை, ஜமுக்காளம் ஆயிற்று. எந்த வேலையும் செய்யாமல், படுத்த இடத்திலேயே கொப்பு விட்டுக் கொப்பு விட்டு, பாருக்கு மேல் பச்சையாகப் பரவினாள். அவள் விரித்த இடத்தில் வெயில் கீழே இறங்கவில்லை. மரிக்கொழுந்தின் கடைசிக் குழந்தைகள் நிழலில் சோகை பிடித்து வெளுத்தன.

அதுகூடப் பரவாயில்லை. வந்து போகிறவர்கள் பேசினதுதான் தாங்கவில்லை. குறிப்பாகக் கிளாத்தி மீன். அழுத்தமான தோல், சின்ன வாய், அந்த வாய்க்குள் உளி மாதிரி பல். ஊர்க்கதை எல்லாம் அவன் வழியாகத்தான் போகும்.

"என்ன மினுமினுப்பு, என்ன மினுமினுப்பு" என்பான் வந்தவளைச் சுற்றி வந்து. "தொட்டா வழுக்குது. சில பேர் வீட்டுக்குப் போனா உடம்பெல்லாம் கீறல்தான்." சொல்லும்போது கட்டக்கோரையைப் பார்க்கவே மாட்டான். பார்க்காமல் சொல்வது அவனுக்குக் கைவந்த கலை.

கட்டக்கோரை சிரித்துக்கொண்டே கேட்பாள். அவன் போனதும் தன் இலை ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். பல் பல்லாக இருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. நேற்று அது அழகாக இருந்தது.

"என்ன மதினி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்பாள் மரிக்கொழுந்து.

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, விருந்தாளி உங்களவிட வளந்துட்டாளேன்னு பார்த்தேன்."

"வளரட்டும். எங்க வீட்டுச் சாப்பாடு அப்படி."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று பகல் முழுவதும் அவளுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. வந்தவளின் கொப்பு எத்தனை, தன் கொப்பு எத்தனை என்று எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் அங்கே இரண்டு கூடியிருந்தது.

கடைசியில் கல்லிடுக்கு நண்டைக் கூப்பிட்டாள்.

"நண்டண்ணே, ஒரு சின்ன ஒத்தாசை. அந்தப் பிள்ளை ரொம்பப் பரந்து கிடக்கு. அதுக்கே பாரமா இருக்கும். ஓரத்துல கொஞ்சம் நறுக்கி விடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீக."

"உனக்கு எதுக்குத் தாயி இந்த அக்கறை?"

"அக்கறை இல்லாமயா வீட்டுல வச்சிருக்கேன்?"

நண்டு வேலைக்காரன். அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஒரு முற்பகலில் நாற்பது துண்டு நறுக்கிப் போட்டுவிட்டு, கிடுக்கியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அலை துண்டுகளைப் பாரின் மூலை மூலைக்கும் உருட்டிக்கொண்டு போனது. கட்டக்கோரைக்கு வெகுநாள் கழித்து நல்ல பசி எடுத்தது.

மூன்றாம் நாள் காலையில் அவள் கண் விழித்தபோது, நாற்பது மூலையிலிருந்தும் நாற்பது குரல் ஒன்றாகக் கேட்டது.

"தூங்கினீங்களா அக்கா? சௌகரியமா இருக்கா?"

கால் இல்லாதவளை வெட்டினால் அவள் குறைவதில்லை, கூடுகிறாள் என்பது அன்றைக்குத்தான் கட்டக்கோரைக்குப் புரிந்தது. காலோடு பிறந்தவர்களுக்கு இது கடைசியில்தான் புரியும். மரிக்கொழுந்து சிரித்த சிரிப்பில் அவள் நூலெல்லாம் சிக்குப் போட்டுக்கொண்டது.

வாடை ஓய்ந்தது. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. கணவாய் வரும் நாள் வந்தது.

கட்டக்கோரை நடுக்கொப்பைச் சுத்தம் செய்து, இலையை ஒதுக்கி, இடம் போட்டு வைத்தாள். யார் எவ்வளவு மினுக்கினால் என்ன, இந்த ஒன்று தன்னுடையது. இதை எவளும் தொட முடியாது. அந்த நினைப்பில் ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் நிமிர்ந்து நின்றாள்.

கணவாய் வந்தாள். இளம் வயது. வயிறு நிறைந்து, நிறம் மாறி மாறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். போன வருடம் இதே நடுக்கொப்பில் பொரிந்தவள்தான். ஆனால் அவளுக்கு முன்னே வழி காட்டிக்கொண்டு கிளாத்தி வந்தான்.

"அங்க ஏன் போற? பழைய வீடு, முள்ளும் பல்லுமா இருக்கும். பிள்ளைத்தாச்சி உடம்பு கீறிக்கும். இங்க பாரு, மெத்தை விரிச்சது மாதிரி."

கணவாய் இரண்டு பக்கமும் பார்த்தாள். வந்தவள் நாற்பது குரலில், "வாங்க, வாங்க" என்றாள்.

"ஆத்தா" என்றாள் கணவாய், கட்டக்கோரையிடம் கொஞ்சம் வெட்கத்தோடு. "உங்களுக்கும் வயசாகுது. வருசா வருசம் உங்களுக்கே பாரமா? இந்தத் தடவை இங்க கட்டிக்கட்டுமா? நீங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீகளே?"

கிளாத்தி எதற்காக மெத்தையைப் புகழ்கிறான் என்று கட்டக்கோரைக்குத் தெரியும். கணவாய் முட்டை என்றால் அவனுக்கு உயிர். இத்தனை வருடமும் அவள் இலைப் பல்லுக்குப் பயந்துதான் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வழவழ மெத்தையில் வேலி கிடையாது. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை, 'அவன நம்பாத தாயி' என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.

"நான் என்ன நெனைக்கப் போறேன் தங்கம்?" என்றாள். "உனக்கு எங்க சௌகரியமோ அங்க கட்டு."

போட்டு வைத்த இடம் காலியாக ஆடியது. படட்டும், என்று நினைத்தாள். முள் குத்தும் என்று போனவள்தானே, படட்டும். இப்படி நினைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நல்லவர்கள் என்று பெயர் வாங்கினவர்கள் இதையெல்லாம் உள்ளேதான் நினைப்பார்கள்.

கணவாய் பச்சை மெத்தையில் முப்பது சரம் கட்டினாள். நிறமெல்லாம் வெளிறி, களைத்து, "வர்றேன் ஆத்தா" என்று கட்டக்கோரையைப் பார்த்துத்தான் சொன்னாள். வந்தவளைப் பார்த்துச் சொல்லவில்லை. போனவள் திரும்பப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கட்டக்கோரை எட்டு நாள் பொறுத்தாள். ஒன்பதாம் நாள் உச்சிவெயில். ஓட்டம் நின்று, ஏற்றமும் இல்லாமல் வற்றமும் இல்லாமல் தண்ணீர் அசையாமல் கிடந்தது. முட்டைகளுக்குள் கருப்புப் புள்ளியாகக் கண் விழுந்திருந்தது. வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க பாருங்களேன். என் பிள்ளைகளுக்குக் கண்ணு வந்துருச்சு."

என் பிள்ளைகள்.

இடத்தை எடுத்தாள், பொறுத்தாள். வெயிலை எடுத்தாள், பொறுத்தாள். பேரை எடுத்தாள், சிரித்தாள். இந்த வார்த்தையைப் பொறுக்க அவள் தண்டில் இடம் இல்லை. அடித்தண்டில், பாரைப் பிடித்திருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, எது மூடியிருந்ததோ அது திறந்தது. பழுப்புச் சாறு இறங்கிற்று. தேங்கிக் கிடந்த தண்ணீரில் டீத்தூள் போட்ட மாதிரி மெதுவாகப் பரவிற்று.

"மதினி, என்ன செய்றீக?" என்று மரிக்கொழுந்து அலறினாள். "மூடுங்க, மூடுங்க. திரும்ப மூடாது மதினி."

"தெரியும்" என்றாள் கட்டக்கோரை.

சாறு முதலில் பக்கத்துத் துண்டைத் தொட்டது. அது "அக்கா" என்று ஆரம்பித்தது, முடிக்கவில்லை. பச்சை போய் மஞ்சளாயிற்று, மஞ்சள் போய் வெளுத்தது, வெந்த கத்தரிக்காய்த் தோல் போலத் துவண்டது. அடுத்த துண்டு. அடுத்த துண்டு. பிறகு மெத்தை. நாற்பது குரலும் ஒவ்வொன்றாக அடங்கி, மெத்தையின் குரல் மட்டும் மிஞ்சியது.

"அக்கா, எரியுது. நான் என்ன தப்பு செஞ்சேன்? வளர்ந்தது தப்பா?" என்றாள் வந்தவள்.

அது தப்பா இல்லையா என்பது இப்போதும் யாருக்கும் தெரியாது.

மெத்தை நைந்ததும் அதில் கட்டியிருந்த சரங்கள் வழுக்கின. கண் விழுந்த முட்டைகள், முப்பது சரம், ஒன்றன்பின் ஒன்றாக நழுவிக் கீழே இறங்கின. இதை அவள் யோசித்திருக்கவே இல்லை. பொறாமைப்படுகிற நேரத்தில் யார் இதையெல்லாம் யோசிக்கிறார்கள்? கல்லுக்குப் பின்னாலிருந்து கிளாத்தி வந்தான். எட்டு நாளாக அங்கேயேதான் இருந்தான், முட்டை முற்றட்டும் என்று.

முதல் சரத்தை அவன் விழுங்கினான். இரண்டாவதையும் விழுங்கினான். அதற்குள் இருந்த கருப்புக் கண்கள் கட்டக்கோரையைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவள் சாய்ந்தாள். பட்டுப் புடவை உதறுகிற சாய்வு இல்லை. அடித்தண்டு முறிகிற மாதிரி, பாரோடு படுக்கிற மாதிரி சாய்ந்து, எல்லாக் கொப்பையும் விரித்து ஏந்தினாள். இலைப் பல்லில் சரங்கள் மாட்டிக்கொண்டன. ஒன்று, ஐந்து, பதினொன்று, இருபது. கிளாத்தி பாய்ந்து வந்து அவள் கொப்போடு சேர்த்து ஒரு சரத்தைக் கவ்வினான். கவ்வின வேகத்தில் துப்பினான். நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது, வாய் கோணிக்கொண்டது. சரம் முழுக்க அவள் சாறு ஊறியிருந்தது.

"த்தூ. இதென்ன வாயில வைக்க விளங்கல" என்றான்.

"இனிமே அப்படித்தான்" என்றாள் கட்டக்கோரை. "போ."

எண்ணிப் பார்த்ததில் இருபத்தாறு சரம் மிஞ்சியது. நாலு போயிற்று, இரண்டு கிளாத்தி வயிற்றுக்குள், இரண்டு ஆழத்துக்குள். அந்த நாலை அவள் பிற்பாடு ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வந்தவளில் மிஞ்சிய துண்டு ஒன்று ஏற்றத்தில் மிதந்து போனது. அடுத்த திட்டில் பவளப் பூச்சிகளின் குடியிருப்பு. அவை பேசிப் பழகாத சாது ஜனம், தண்டும் இல்லை சாறும் இல்லை. அங்கே போய், "ரெண்டே நாள்" என்றாள். அவர்களும் சரி என்றார்கள்.

இங்கே பாரில் மரிக்கொழுந்து, சாறு பட்டு எரிந்த நூல் நுனிகளை நீவிக்கொண்டே வந்து நின்றாள். அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது.

"மதினி, உங்களப் பேசாத பேச்சில்ல. இருந்தாலும் பிள்ளைகளைக் காப்பாத்தணும்னு தண்டையே திறந்துட்டீகளே. எவளுக்கு மனசு வரும்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பார் முழுக்க அவளைக் கும்பிட்டிருக்கும்.

"இல்ல மதினி" என்றாள் கட்டக்கோரை. "கிளாத்தி வர்றது எனக்கு அப்பத் தெரியாது. அவ 'என் பிள்ளைக'ன்னு சொன்னா. அதுக்குத்தான் திறந்தேன்."

மரிக்கொழுந்து நீவுவதை விட்டுவிட்டு இன்னும் நெருங்கி வந்தாள். பிறகு கேட்டாள். "திறக்கிறது எப்படி மதினி? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

சாறு நிற்கவில்லை. சொன்ன மாதிரியே ஒழுகிக்கொண்டிருந்தது. இலையைக் கடித்துப் பார்க்க வந்த மீன்கள் ஒரு தடவை வந்து, மறு தடவை வரவில்லை. உன் கைப்பக்குவமே தனி என்று சொல்ல ஆள் இல்லை. இருபது நாள் கழித்து முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வெளியே வந்த வேகத்தில் முதலில் வாயில் பட்டது அந்தத் துவர்ப்புதான். முகத்தைச் சுளித்தன. சுளித்துக்கொண்டே, "வர்றேன் ஆத்தா" என்றன. அடுத்த வருடம் வாடை ஓய்ந்ததும், வயிறு நிறைந்து வந்த கணவாய்கள் எவர் வழி காட்டலையும் கேட்கவில்லை. தண்ணீரை நக்கிப் பார்த்து, எந்தத் திசையில் துவர்க்கிறதோ அந்தத் திசைக்கு நேராக வந்தன.

கரையில் பெண்கள் கஞ்சிப் பாசி என்கிற வேறொரு பாசியைக் கழுவிக் கஞ்சிப் பானையில் போடுவதும், கட்டக்கோரையை ஒருத்தியும் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகாததும் அதனால்தான். வந்தவளின் பிள்ளைகுட்டிகள் இன்றைக்குப் பவளத் திட்டெல்லாம் ஏறிக் கிடந்தாலும், கட்டக்கோரையின் காலடியில் ஒரு துண்டு விழுந்தால் கொப்பு விடாமல் வெளுத்துப் போவதும், அந்தக் கொப்பில் வெள்ளை அவரைக்காய்ச் சரங்கள் கிளாத்தி தொடாமல் தொங்குவதும், ஓட்டம் நின்ற அந்த உச்சிவெயிலில், அவள் பிள்ளைகளை இன்னொருத்தி தன் பிள்ளைகள் என்று சொன்ன அந்த நாள் முதல்தான்.